முன்னூற்று அறுபது ஜோடிக் கிளிஞ்சல்

1639-இல் ஜப்பானின் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நடந்த ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு வயது இரண்டரை. நாட்டை ஆண்ட ஷோகுன் தொகுகாவா இயேமிட்சுவின் தலைமகள் சியோஹிமே. மாப்பிள்ளை மிட்சுதோமோ, ஓவாரிப் பிரபுவின் வாரிசு, பதின்பருவத்துப் பையன். பெண் பிறந்ததுமே சீர்வரிசைக்குச் சொல்லிவிட்டார்கள். அரக்கு வேலையில் அன்று பேர்போன கோஅமி நாகாஷிகே அதைச் செய்து முடிக்க மூன்று வருஷம் போல ஆனது. பொன்துகள் தூவி, பழைய அரண்மனைக் காவியமான கெஞ்சி கதையின் ஓர் அத்தியாயத்தைச் சித்திரமாக்கி, அதில் வரும் கவிதையின் எழுத்துகளைக் கிளைகளுக்கும் பாறைகளுக்கும் நடுவே ஒளித்து வைத்த வேலை அது. கண்ணாடிப் பெட்டி, அலமாரி, எழுதுபெட்டி, சீப்புப் பெட்டி என்று போகும் அந்தச் சீரில் எண்கோண வடிவில் உயரமான பெட்டிகளும் உண்டு. உள்ளே இருப்பது கிளிஞ்சல்.

அந்தப் பெட்டிகளை நாகோயாவில் தொகுகாவா கலைக்கூடத்தார் இன்றும் வைத்திருக்கிறார்கள். சீர் முழுவதுமே தேசியச் செல்வம் என்று அறிவிக்கப்பட்டது. மங்கிய விளக்கொளியில், கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காலத்துச் சீர்ச் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் வந்தது கலை ரசனை அல்ல, ஒரு தாயின் கேள்வி. இரண்டரை வயதுக் குழந்தை கையில் கிளிஞ்சலைக் கொடுத்தால் வாயில்தானே வைக்கும்?

விளையாட்டுச் சாமான்தான். ஆனால் குழந்தைக்கென்று செய்ததல்ல. படம் பார்த்து ஜோடி சேர்க்கும் அட்டைகள் உலகம் முழுக்க இன்று மூன்று வயதுப் பிள்ளைகளின் சொத்தாகிவிட்டன. ஜப்பானில் அந்த ஆட்டம் அரண்மனைப் பெண்களிடமிருந்து கிளம்பி, கவிஞர்கள் வீடு வழியாக, சூதாடிகளின் தெருவை ஒட்டி நடந்து, பல நூற்றாண்டு கழித்துத்தான் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. வந்த வழியெல்லாம் பெரியவர்கள் அதற்குள் எதையாவது திணித்துக்கொண்டே இருந்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொடக்கம் ஹமகுரி என்கிற மட்டிச் சிப்பி. ஹெயான் காலத்தில், அதாவது கியோட்டோ தலைநகராக இருந்த 794-க்கும் 1185-க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில், அரண்மனைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அழகான சிப்பிகளைக் கொண்டுவந்து, கூடவே கவிதை பாடி, எது உசத்தி என்று போட்டி போட்டார்கள். ஜோடி தேடும் ஆட்டம் தனியாக வளர்ந்து அதோடு கலந்தது. ஒரு மட்டியின் இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்றுதான் பொருந்தும். ஆயிரம் மட்டியில் தேடினாலும் இந்த ஓட்டின் பல்வரிசை இன்னொன்றில் கவ்வாது. ஆட்டத்தின் அஸ்திவாரமே அதுதான்.

முழு ஆட்டத்துக்கு 360 ஜோடி. ஒரு பாதி ஓடுகளைப் பாயின்மேல் கவிழ்த்து வட்டம் வட்டமாக அடுக்குவார்கள். நடு வட்டத்தில் 12, அடுத்ததில் 19, அதற்கடுத்து 26 என்று ஏழு ஏழாகக் கூட்டி ஒன்பதாம் வட்டத்தில் 68. கூட்டிப் பாருங்கள், சரியாக 360 வரும். மறுபாதியிலிருந்து ஒன்றை எடுத்து நடுவில் வைப்பார்கள், அதுவும் கவிழ்ந்தபடியே. சுற்றி உட்கார்ந்த பெண்கள் அதன் முதுகிலிருக்கும் கோடுகளையும் பழுப்புத் திட்டுகளையும் உற்றுப் பார்த்து, அதே முதுகு வட்டத்தில் எங்கே கிடக்கிறது என்று தேடவேண்டும். எடுத்து ஒட்டிப் பார்த்துப் பொருந்தினால் அவளுக்கு.

உள்பக்கத்தில் தங்கரேக்குப் பதித்து கெஞ்சி கதைக் காட்சிகள், பூக்கள், பறவைகள் என்று வரைந்திருக்கும். ஒரு ஜோடியின் இரண்டு ஓட்டிலும் ஒரே படம், அல்லது சேர்ந்து ஒன்றாகும் படம். ஆனால் படத்தைப் பார்த்துத் தேட முடியாது, அது கவிழ்ந்து கிடக்கிறது. ஜோடி சேர்ந்தபிறகு திருப்பினால்தான் தெரியும். இந்த ஆட்டத்தில் படம் துப்பு அல்ல, சாட்சி. படம் துப்பாக மாறியது பிற்பாடு, காகிதம் வந்த பிறகு.

நான் பரங்கிப்பேட்டைக்காரி. வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இதே இனத்து மட்டி ஏராளம். ஹமகுரிக்குப் பங்காளி என்று சொல்லலாம், விலங்கியல் பெயரில் குடும்பப்பெயர் ஒன்றுதான். எங்கள் பக்கம் கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிற பொருள். கரையில் பொறுக்கினால் ஒற்றை ஒற்றையாகத்தான் கிடைக்கும், ஜோடியை அலை எங்கே கொண்டுபோனது என்று யாருக்குத் தெரியும். 360 ஜோடியைக் குலையாமல் சேர்ப்பது என்றால் மட்டியை உயிரோடு பிடித்துத் திறந்து ஒவ்வொரு ஜோடியாகப் பத்திரப்படுத்தவேண்டும். சாதாரண வீட்டில் ஆகிற காரியமா?

எடோவிலிருந்து ஷோகுன்கள் ஆண்ட காலத்தில் பிரபு வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில் இந்தக் கிளிஞ்சல் பெட்டிதான் முன்னால் போகும். மாப்பிள்ளை வீட்டு வாசலில் மற்ற சீர் இறங்குவதற்கு முன் பெண் வீட்டுப் பெரிய அதிகாரி மாப்பிள்ளை வீட்டு அதிகாரியிடம் முறைப்படி இதை ஒப்படைப்பார். அதற்கென்று தனிச் சடங்கே இருந்தது. வேறு எதோடும் பொருந்தாத ஓடு, ஆகவே கற்புக்கு அடையாளம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆண்களுடைய எந்தப் பெட்டியிலும் இந்த அடையாளத்தை வைத்ததாகத் தெரியவில்லை. பிரபுக்கள் வீட்டில் வைப்பாட்டிகளுக்குக் குறைவில்லை. பெண்கள் பொழுதுபோக்காகக் கண்டுபிடித்த ஒன்றை வாங்கி, அதன்மேல் ஒரு கட்டளையை எழுதி, அவர்களிடமே சீதனமாகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. திணிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கும் மார்ச் 3-ஆம் தேதி பெண்குழந்தைகள் திருநாளில் ஹமகுரி சூப் வைப்பார்கள். ருசி நன்றாகவே இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காகிதச் சீட்டு கடல் வழியாக வந்தது. 1543-இல் போர்ச்சுகீசியர் தனேகஷிமா தீவில் கால்வைத்தார்கள். அதே நூற்றாண்டில் எங்கள் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் கடை விரித்தவர்கள்தான். ஜப்பானுக்கு அவர்கள் கொண்டுபோனதில் துப்பாக்கியைப் பற்றி எல்லா வரலாற்றுப் புத்தகமும் பேசும். சீட்டுக்கட்டைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கியூஷு தீவின் மீகே என்ற ஊரில் உள்ளூர்க்காரர்களே சீட்டு செய்யத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடம் இன்று ஓமுதா நகரத்தில் சேர்ந்திருக்கிறது, சீட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. வந்த சீட்டுக்கு கருட்டா என்று பெயர்.

சூதாட்டம் பெருகியது, அரசாங்கம் தடை போட்டது, ஆட்டக்காரர்கள் படத்தை மாற்றினார்கள், மறுபடி தடை. இந்தத் துரத்தல் நெடுநாள் நடந்தது. கடைசியில் எண்ணே இல்லாமல், மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதப் பூக்களும் செடிகளுமாக 48 சீட்டு கொண்ட ஹனஃபுதா நிலைத்தது. ஜனவரிக்குப் பைன் மரம், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ, இப்படி. ஒரே மாதத்துப் படங்களைச் சேர்த்து அள்ளவேண்டும். பார்த்தால் பால்வாடிப் பிள்ளைகளின் அட்டைபோல இருக்கும், ஆடியவர்கள் பணம் வைத்து ஆடினார்கள். 1889-இல் கியோட்டோவில் யாமாவுச்சி புசாஜிரோ தொடங்கிய ஹனஃபுதாக் கடைதான் இன்றைய நின்டெண்டோ. 1959-இல் அவர்கள் டிஸ்னி படங்களைப் போட்டு சீட்டுக்கட்டு விற்றபோதுதான் குழந்தைகள் உள்ள வீடுகளின் கதவு அவர்களுக்கு நன்றாகத் திறந்தது.

கவிதைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1235-ஐ ஒட்டி புஜிவாரா நோ தெய்கா என்ற புலவர் நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு கவிதையாகத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தொகுப்புக்கு ஹ்யாகுனின் இஷ்ஷு என்று பெயர். ஐந்தடிக் கவிதைகள். முதல் மூன்றடியை ஓர் ஓட்டிலும் கடைசி இரண்டடியை மறு ஓட்டிலும் எழுதிச் சிப்பியிலேயே ஆடிப் பார்த்தார்கள். காகிதம் கைக்கு வந்ததும் அது 200 அட்டையானது. நூறு வாசிக்க, நூறு எடுக்க. ஒருவர் கவிதையை முதலிலிருந்து வாசிப்பார், தரையில் பரப்பிய பின்பாதிகளில் சரியானதைச் சுற்றியிருப்பவர்கள் அடித்து எடுக்கவேண்டும்.

பொருத்தம் என்ற ஒன்று இங்கேதான் உருமாறியது. சிப்பியில் எது எதோடு சேரும் என்று தீர்மானித்தது இயற்கை. யார் வேண்டுமானாலும் ஒட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கவிதை அட்டையில் தீர்மானித்தது தெய்கா. மனப்பாடம் செய்யாதவனுக்கு நூறு அட்டையும் ஊமைதான். 1904-இல் பத்திரிகையாளர் குரோய்வா ருய்கோ டோக்கியோவில் போட்டி நடத்தி விதிகளை ஒழுங்குபடுத்தியபின் இது கிட்டத்தட்ட ஒரு தடகள விளையாட்டாகவே ஆகிவிட்டது. நூறில் ஏழு கவிதைகளுக்கு முதல் அசை காதில் விழுந்தாலே போதும், அந்த அசையில் தொடங்கும் கவிதை வேறு இல்லை. கை பறக்கும். கவிதையின் மிச்சத்தை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கென்று வந்தது இரோஹா கருட்டா, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும். அகரவரிசையின் 47 எழுத்து, கூடத் தலைநகரைக் குறிக்கும் ஒரு எழுத்து, ஆக 48. எழுத்துக்கு ஒரு பழமொழி. வாசிக்கிற அட்டையில் பழமொழி, எடுக்கிற அட்டையில் அதற்குப் படம், மூலையில் வட்டத்துக்குள் முதல் எழுத்து. மொத்தம் 96. படிக்கத் தெரியாத தம்பி படத்தைப் பார்த்து எடுப்பான், பள்ளிக்குப் போகிற அக்கா எழுத்தைப் பார்த்து எடுப்பாள், பாட்டி வாசிப்பாள். ஒரே பாயில் மூன்று தலைமுறை உட்கார முடிந்த ஆட்டம், புத்தாண்டு விடுமுறைக்கு ஏற்றது.

எடோக்காரர்களின் கட்டில் முதல் அட்டை, நடந்து போன நாய் தடியில் மாட்டிக்கொண்டது. சும்மா இராமல் வெளியே போனால் அடிபடுவாய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். வெளியே போனால்தான் ஏதாவது கிடைக்கும் என்று பிறகு சொன்னார்கள். இரண்டுக்கும் படம் ஒன்றே, நாயும் தடியும். கியோட்டோக் கட்டின் முதல் அட்டை வேறு: ஓர் அங்குலத்துக்கு அப்பால் இருட்டு. ஒசாகாவில் ஒன்றைக் கேட்டுப் பத்தை அறிகிற கெட்டிக்காரன். வியாபாரிகள் ஊர் அல்லவா! எடோக் கட்டில் இன்னும் இரண்டு: வாதத்தைவிட அத்தாட்சி மேல், பூவைவிடக் கொழுக்கட்டை மேல். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த லௌகீக ஞானம் எதற்கு என்று தோன்றலாம். அதற்கு அது வேண்டியதும் இல்லை, கொழுக்கட்டைப் படத்தை அண்ணனுக்கு முன்னால் எடுத்தால் போதும். பழமொழி நாற்பது வயதில் தானாக ஞாபகம் வரும்.

மேற்கே ஐரோப்பாவிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. லண்டனில் ஜாக்ஸ் கம்பெனியார் 1851-இல் குடும்பம் சேர்க்கும் சீட்டையும், 1860-களில் ஒரே படம் வந்ததும் கத்துகிற ஸ்நாப் சீட்டையும் விற்றார்கள். ஜெர்மனியின் ராவென்ஸ்பர்க் ஊர்க் கம்பெனி 1959-இல் வெளியிட்ட மெமரி ஆட்டத்தைத்தான் இன்று நம் ஊர்ப் பிள்ளைகளும் ஏதோ ஒரு பெயரில் ஆடுகிறார்கள். ஒரே படம் இரண்டு முறை, கவிழ்த்துத் திருப்பு, ஞாபகம் வை. நல்ல ஆட்டம்தான், பெரியவர்களைப் பிள்ளைகள் நேர்மையாகத் தோற்கடிக்கக்கூடிய மிகச் சில ஆட்டங்களில் ஒன்று. ஆனால் ஆப்பிளுக்கு ஜோடி ஆப்பிள் என்பது எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. காதில் ஒரு பாதி, கண்ணில் மறு பாதி என்ற கருட்டாவின் ருசி அதில் இல்லை.

அந்த ருசியைப் பெரியவர்கள் விட்டுவைப்பார்களா? 1942-இல், போர் உச்சத்தில், தெய்காவின் காதல் கவிதைகளை ஓரங்கட்டிவிட்டு 'தேசபக்தி நூறு கவிதை' என்று ஒரு தொகுப்பைத் தயாரித்து அதையும் சீட்டாக்கினார்கள். மறுவருஷம் பிள்ளைகளுக்குத் தேசபக்தி இரோஹா. பாதி அட்டையும் பாதி அட்டையும் சேர்வதற்குள் சக்கரவர்த்தி உட்கார இடம் இருந்திருக்கிறது.

தோல்விக்குப் பிறகு வந்த ஒரு கட்டோடுதான் எனக்கு நேரடிப் பழக்கம். கணவரின் வேலைக்காக நாங்கள் குன்மா மாநிலத்தில் தகாசாகி நகரத்தில் குடியேறினோம். குளிர்காலத்தில் அகாகி மலைப் பக்கமிருந்து ஈரமே இல்லாத ஒரு காற்று அடிக்கும், உதடு பிளந்துவிடும். அந்தக் காற்றுக் காலம்தான் நான் சொல்லும் கட்டான ஜோமோ கருட்டாவின் காலம். வட்டார மண்டபத்தில் சாயந்திரம் பிள்ளைகள் மண்டியிட்டு உட்கார்ந்து பயிற்சி எடுப்பார்கள். சரியான அட்டையை அடித்ததும் "ஹாய்!" என்று ஒரு கத்து. தப்பான அட்டையில் கை பட்டால் சேர்த்து வைத்ததில் ஒன்றை எதிரணிக்குக் கொடுக்கவேண்டும். என் மகள் தமிழில் பேசிக்கொண்டே போய் அங்கே சுத்தமான குன்மாக்காரியாகக் கத்துவாள்.

1945 டிசம்பர் 31 அன்று அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பள்ளிகளில் ஒழுக்கப் பாடம், ஜப்பான் வரலாறு, புவியியல் மூன்றையும் நிறுத்திவைத்தது. பாடப் புத்தகத்தில் போர் வெறி ஊறிக் கிடந்ததால் அதற்கு நியாயம் இருந்தது. மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய உரானோ மசாஹிகோ, போரில் நொடித்த குடும்பங்களுக்கும் அனாதைகளுக்கும் உதவி செய்யும் அமைப்பொன்றின் குன்மா கிளையில் இருந்தார். சொந்த மண்ணைப் பற்றிப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது என்ற கவலை அவருக்கு. பத்திரிகை வழியாக ஊர்மக்களிடம் யோசனை கேட்டு, 1947-இல் ஜோமோ கருட்டா வெளிவந்தது. 47 எழுத்தில் மூன்றை விட்டு 44 ஜோடி. சிறகு விரித்து ஆடும் கொக்கின் வடிவத்தில் மாநில வரைபடம், ஜப்பான் அரசாங்கம் தொடங்கிய முதல் நவீனப் பட்டு ஆலையான 1872-இன் தொமியோகா, எங்கள் தகாசாகியின் தருமா பொம்மைக் கோயில், கிர்யூவின் தறிகள், குசாட்சுவின் வெந்நீர் ஊற்று. அடுத்த வருஷமே மாநிலப் போட்டி தொடங்கிவிட்டது. இரண்டு அணியும் ஆளுக்குச் சரிபாதி எடுத்துச் சமமாக நின்றால் கொக்கு அட்டை யார் கையிலோ அவர்களுக்கு வெற்றி.

ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கைக்காரர்கள் சில பேரை இந்தக் கட்டுக்குள் விடவில்லையாம். சூதாடிகளின் தலைவனும் ஊர் ஜனங்களுக்கு நாயகனுமான குனிசதா சூஜி, சக்கரவர்த்தி பக்தர் தகாயாமா ஹிகோகுரோ போன்றவர்களை. பெயர் போட முடியாததால், இடி, வறண்ட காற்று, கடமை, இரக்கம் என்று ஓர் அட்டை போட்டு, அதற்குள் அவர்களை உட்காரவைத்தார்கள் என்று குன்மாவில் சொல்வார்கள். தணிக்கை போய் எத்தனையோ காலமாகியும் அந்த அட்டை மாறவில்லை. படத்தில் என்ன இருக்கிறதோ அதை மகள் எடுத்து வருகிறாள், படத்தில் இல்லாத மனிதர்களை நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

காலத்துக்குக் காலம் எண் மாறிவந்த அட்டை ஒன்று உண்டு. மாநில மக்கள் எல்லோரும் ஒன்றுகூடிப் பலம் சேர்ப்பதாகச் சொல்லும் 'சி' எழுத்து அட்டை. 1947-இல் அதில் இருந்த எண் 16 லட்சம். ஜனத்தொகை ஏற ஏற அட்டையிலும் ஏற்றிக்கொண்டே வந்து 1993-இல் 20 லட்சம் ஆக்கினார்கள். பழைய கட்டை எடுத்துப் பார்த்தால் அது எந்தக் காலத்து அச்சு என்று இந்த ஒரு அட்டையைக் கொண்டே கணித்துவிடலாம். பிறகு ஜனத்தொகை இறங்க ஆரம்பித்தது. 2015 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 73 ஆயிரம். அந்த எண்ணிக்கையில் ஓய்சுமி என்ற ஊர்ப் பக்கத்துப் பிரேசில்காரர்களும் உண்டு, எங்களைப்போல் வந்து குடியேறியவர்களும் உண்டு. அப்போதும் அட்டையில் எண் இறங்கவில்லை.

மண்டபத்தில் பயிற்சி கொடுக்கும் தாத்தாவிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். அவர் சிறுவனாக இதே ஆட்டத்தை ஆடியவர்.

"எண்ணைக் குறைத்தால் என்ன, தாத்தா? பொய் சொல்லாமல் இருக்கலாமே?"

"குறைத்துக்கொள்ளட்டும் அம்மா, எனக்கென்ன. 'சி' என்று வாயைத் திறந்ததுமே பிள்ளைகள் அட்டையை அடித்துவிடுகிறார்கள். அந்தக் கடைசி எண்ணை நான் எத்தனை வருஷமாகவோ வாசித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை."